செடியோடு சபையேறிய ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, முதலில் நான் தயங்கவே செய்தேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் ரசீதுகளோடும் பேரேடுகளோடும் காலங்கழிப்பவன் நான். கம்பரைப் பற்றியோ இளங்கோவடிகளைப் பற்றியோ எழுத நம் காலனியிலேயே என்னினும் தக்கோர் பலர் உளர். ஆயினும் சென்ற ஆண்டு என் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

என் மூத்த மகள் இக்கல்கத்தா மாநகரில் தாவர சாஸ்திரத்தில் எம்.எஸ்ஸி. வகுப்பில் பயில்கிறாள். அவர்களுடைய துறையில் வாரந்தோறும் செமினார் என்றொன்று நடைபெறுகிறது. மாணவர் ஒருவர் எழுந்து நின்று, தாம் செய்த பரிசோதனையையோ தாம் ஆராய்ந்த ஒரு பொருளையோ சபையின் முன் எடுத்துரைத்தல் வேண்டும். ஆசிரியர்களும் ஏனைய மாணவர்களும் கேள்விகளால் அவரைத் துளைப்பர். என் மகளின் முறை வந்த அன்று மாலை அவள் முகம் வாடி வீடு திரும்பினாள். பெரியவர் ஒருவர் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அவளால் விடை கூற இயலவில்லையாம். இரவு உணவும் கொள்ளாது படுத்துவிட்டாள். தேற்றுதற்கு எனக்கு அவளுடைய சாஸ்திரம் தெரியாது. நம் முன்னோர் நூல் செய்தவரை அவையின் நடுவே நிறுத்தி அரங்கேற்றச் செய்ததும், அவையோர் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு தடை எழுப்பியதும் மட்டுமே எனக்குத் தெரிந்தவை. அப்பொழுதுதான், இந்நகரிலேயே வாழ்ந்து, ஒரு சொல்லை மாற்ற மறுத்தமைக்காக உலகின் பெருஞ்சபை ஒன்றன் கதவு தம் முகத்தில் அடைக்கப்படக் கண்ட ஒருவரின் கதை நினைவுக்கு வந்தது. அவர்தாம் ஆசாரியர் ஜகதீச சந்திர போஸ். அரைகுறையாக அறிந்திருந்த கதையைப் பின்னர் நூல்நிலையத்தில் அமர்ந்து செம்மையாகப் படித்தேன். அவர் உயிரோடிருக்கையிலேயே, 1920-இல், பேராசிரியர் பாட்ரிக் கெட்டிஸ் அவருடைய சரித்திரத்தை எழுதியுள்ளார். அந்தக் கெட்டிஸ் நம் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகர அமைப்பைப் பற்றி அறிக்கை எழுதியவரும் ஆவார்.

போஸ் அவர்கள் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் கிழக்கு வங்கத்தில் பிறந்தார். அப்பகுதி இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்தது. தந்தையார் பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்திரேட் உத்தியோகத்தில் இருந்தவர். அக்காலத்து அதிகாரிகள் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மைந்தனை ஊர்ப் பாடசாலைக்கே அனுப்பி வங்க மொழியைக் கற்பித்தார். வகுப்பில் ஒரு புறம் சேவகனின் மகனும் மறுபுறம் செம்படவனின் மகனும் அமர்ந்திருந்தனர். நீர்வாழ் உயிர்களையும் பறவைகளையும் பற்றி அவர்கள் சொன்ன கதைகளே இயற்கையில் தமக்கு நாட்டம் உண்டாகக் காரணமாயின எனப் பிற்காலத்தில் அவர் நினைவு கூர்ந்தார். பள்ளிக்குச் சிறுவனைத் தோளில் சுமந்து சென்றவன் யாரெனில், தந்தையாரால் சிறைக்கு அனுப்பப்பட்டு, விடுதலையான பின் பிழைப்பு வேண்டி அவரிடமே வந்து நின்ற ஒரு கொள்ளைக்காரன்! அவனை நம்பி மகனை ஒப்படைத்த அத்தந்தையின் நெஞ்சுரத்தை என்னென்பது! பிறர் நலத்துக்காகப் பல தொழில்களைத் தொடங்கிப் பொருளிழந்து கடனாளியானவரும் அவரே.

பின்னர்க் கல்கத்தாவில் தூய சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் போஸ் பயின்றார். அங்கே பாதிரியார் லபோன் அவர்கள் பௌதிக சாஸ்திரத்தைப் பரிசோதனைகள் வாயிலாகக் கண்முன் நிறுத்திக் கற்பித்து வந்தார். 1880-இல் மருத்துவம் பயில லண்டன் சென்றார். அஸ்ஸாமில் பற்றிய காய்ச்சல் அவரை விடவில்லை. பிணங்களை அறுத்துப் பார்க்கும் அறையின் நெடி அதனை மேலும் வளர்த்தது. ஓராண்டில் மருத்துவத்தைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜ் சேர்ந்தார். இதனை ஒரு நற்பேறு என்றே கொள்ளல் வேண்டும். அங்கே அவருக்குப் பௌதிகம் கற்பித்தவர் ராலே பிரபு. உடற்கூற்றியல் மைக்கேல் பாஸ்டர். தாவர சாஸ்திரம் சிட்னி வைன்ஸும், மாபெரும் அறிஞர் டார்வினுடைய புதல்வர் பிரான்சிஸ் டார்வினும். இவர்களுள் மூவரை இக்கதையின் பிற்பகுதியில் மீண்டும் காண்போம்.

1885-இல் தாயகம் திரும்பிய போஸுக்குக் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதுவே 2010 முதல் பிரசிடென்சி பல்கலைக்கழகமாக விளங்குவது. அந்நாளில் ஒரே வேலை பார்க்கும் ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்று கூறி அதிலும் பாதியைக் குறைத்தனர். ஆக மூன்றில் ஒரு பங்கே அவருக்கு உரியதாயிற்று. அவர் மறுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. வேலை நிறுத்தமும் செய்யவில்லை. நாள்தோறும் வகுப்பு நடத்தினார். மாதந்தோறும் வந்த சம்பளச் செக்கைத் தொடாமல் திருப்பினார். ஒரு மாதமன்று, இரு மாதமன்று, மூன்றாண்டுகள்! முதல் தேதியை நோக்கி நாட்களை எண்ணும் நம் போன்ற உத்தியோகஸ்தருக்கே இதன் அருமை விளங்கும். அதுவும் தந்தையின் கடன் தலைக்கு மேல் நின்ற காலம். இறுதியில் கல்லூரித் தலைவர் டானியும் கல்வி இலாகாத் தலைவர் கிராப்ட்டும் அவருடைய தகுதியை உணர்ந்து நிரந்தரமாக்கினர். முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம் கணக்கிடப்பட்டு மொத்தமாக வந்தது. அத்தொகை தந்தையின் கடனுக்குச் சென்றது.

அவ்வறிய நாட்களிலேதான், 1887-இல், அபலா தாஸ் என்னும் மங்கையை மணந்தார். அபலா அம்மையாருக்கும் நம் தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அந்நாளில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே 1882-இல் வங்க அரசின் உதவிச் சம்பளம் பெற்றுச் சென்னைக்குச் சென்று மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலாது திரும்பினார். மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் தனித்து வாழ்ந்த துணிவே, பிற்காலத்தில் கணவரோடு கடல் கடந்த துன்பங்களைத் தாங்கும் வலிமையை அவருக்குத் தந்தது எனலாம்.

போஸ் முப்பத்தாறு வயது நிறைந்த நாளில்தான் ஆராய்ச்சியே தம் வாழ்வென உறுதி பூண்டார். கல்லூரியில் ஒரு சிறு அறை, எழுத்தறியாத ஒரு தகரக் கொல்லர், கருவிகளுக்குத் தம் கைப்பணம், இவையே மூலதனம். மில்லிமீட்டர் அளவேயான மின்னலைகளை அவ்வறையில் பிறப்பித்தார். கல்கத்தா டவுன் ஹாலில், கவர்னர் முன்னிலையில், சுவர்களை ஊடுருவிச் சென்ற கம்பியில்லா அலையால் தொலைவில் மணி ஒலிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் செய்து காட்டினார். 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில், புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவு நிகழ்த்தும் பெருமை அவரைத் தேடி வந்தது. ஆங்கிலப் பயணத்தின் போது ஒரு சொற்பொழிவைக் கேட்டு வியந்த கெல்வின் பிரபு, நொண்டும் காலோடு மாடிப்படி ஏறிச் சென்று, மாதர் பகுதியில் அமர்ந்திருந்த அபலா அம்மையாரின் இரு கைகளையும் பற்றிப் பாராட்டினாராம். கம்பியில்லாத் தந்தியை மார்க்கோனிக்கு முன்பே கண்டவர் நம்மவர் என்று டீக்கடையில் வாதிடும் நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன்: போஸ் தம் கருவிகளைப் பொருளாக்க விழைந்தவரல்லர். நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்காவில் ஒரு பேடண்டு பெற்றதும், அதனைக் கொண்டு ஒரு காசும் ஈட்டாது விட்டதும் உண்மை.

இவ்வளவில் நின்றிருந்தால் பௌதிக அறிஞராகவே அவர் வாழ்வு அமைதியாகக் கழிந்திருக்கும். 1899-இல் ஒரு விந்தை அவர் கண்ணிற்பட்டது. மின்னலைகளை வாங்கும் உலோகக் கருவி, நெடுநேரம் வேலை செய்தால் சோர்வடைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் தெளிவடைந்தது! களைப்பு என்பது தசைக்குரியது அன்றோ? உலோகத்துக்கு ஏது களைப்பு? கிள்ளினாலோ தட்டினாலோ ஒரு தசையில் உண்டாகும் மின் மாறுதலை வரைந்து பார்த்தார். தகரத்தில் உண்டாவதையும் வரைந்தார். இரண்டுக்கும் நடுவில் நிற்பது எது? செடி. மரத்தின் இலைகளையும், காய்கறிக் கடையில் வாங்கிய காரட்டையும் டர்னிப்பையும் கொண்டு பரிசோதித்தார். அவையும் அவ்வாறே விடை பகர்ந்தன. மருந்தால் மயங்கின, விஷத்தால் மடிந்தன.

1901-இல் லண்டனில் அவருடைய ஆய்வறைக்கு, கேம்பிரிட்ஜ் ஆசிரியரும் ராயல் சொசைட்டியின் காரியதரிசியுமான மைக்கேல் பாஸ்டர் வந்தார். மேசைமேல் கிடந்த ஒரு வரைகோட்டை எடுத்துப் பார்த்து, இதில் என்ன புதுமை, அரை நூற்றாண்டாக நாம் அறிந்ததுதானே என்றார். அது எதன் வரைகோடு என்று போஸ் பணிவோடு வினவினார். தசையினுடையது என்றார் ஆசிரியர். இல்லை, தகரத்தினுடையது என்றார் மாணவர். பாஸ்டர் துள்ளி எழுந்து, இதனை உடனே ராயல் சொசைட்டியில் அறிவிக்கச் செய்தார்.

மே 10-ஆம் நாள் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நிகழ்த்திய சொற்பொழிவு பெருவெற்றி. ஜூன் 6-ஆம் நாள் ராயல் சொசைட்டியில் கட்டுரையைப் பரிசோதனைகளோடு நிகழ்த்தினார். இங்கேதான் தடை எழுந்தது. எழுப்பியவர் சாமானியரல்லர், உடற்கூற்றியல் துறையின் முதியவர் சர் ஜான் பர்டன் சாண்டர்சன். ஈயைப் பிடித்துண்ணும் செடியில் மின் மாறுதல் நிகழ்வதை 1873-இலேயே கண்டு கூறியவர் அவர். அத்தகைய அசையும் செடிகளைத் தவிர ஏனைய சாதாரணச் செடிகளில் அது நிகழாது என்பது அவருடைய நெடுநாள் முடிபு. தாம் முயன்றும் காணாததைப் பிறர் கண்டதாகக் கூறுதல் ஏற்கற்பாலதன்று என்றார். மேலும், கட்டுரையின் தலைப்பில் உள்ள ஒரு சொல், உயிர்ப்பொருளின் எதிர்ச்செயலைக் குறிக்க உடற்கூற்றியலார் வழங்குவது. பௌதிகக்காரர் அதனைத் தொடலாகாது. வேறொரு பொதுச்சொல்லை இட்டுக்கொள்க என்றும் கூறினார். டாக்டர் வாலர் என்னும் மற்றோர் அறிஞரும் அவருக்குத் துணை நின்றார்.

எண்ணிப் பார்மின்! ஒரு சொல்லை மாற்றினால் கட்டுரை அச்சேறும்; புகழ் வரும். ஆபீஸ் நோட்டில் மேலதிகாரி ஒரு சொல்லை அடித்து வேறொன்று எழுதினால், சரி என்று ஒப்பமிட்டு அனுப்பிவிடுவோம் நாம். போஸ் மறுத்தார். தாம் காட்டிய பரிசோதனையில் பிழையிருந்தால் காட்டுக. பிழையில்லையேல் ஒருவருடைய முதுமைக்காக உண்மையின் பெயரை மாற்ற இயலாது என்பதே அவர் நிலை. முடிவு? கட்டுரை வெளியிடப்படாது சங்கத்தின் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டது.

தாயகம் திரும்பியிருந்தால் தோற்றவராகவே திரும்பியிருப்பார். அவர் லண்டனிலேயே தங்கிப் போராட முடிந்தது நண்பர்களின் உதவியால். ரவீந்திரநாத தாகூர், திரிபுரா மகாராஜாவிடமிருந்து பொருள் பெற்று அனுப்பினார். சகோதரி நிவேதிதை அவருடைய எழுத்துகளைச் செப்பம் செய்து உதவினார். பழைய ஆசிரியர் வைன்ஸ் அப்போது லின்னேயன் சங்கத்தின் தலைவர். அவர் வேறு இரு அறிஞர்களோடு ஆய்வறைக்கு நேரில் வந்து செடியின் விடையைத் தம் கண்ணால் கண்டார். தம் சங்கத்துக்கு அழைத்தார். 1902-இல் அச்சபையில், எதிர்ப்பாளர்கள் வீற்றிருக்க, போஸ் பரிசோதனைகளைச் செய்து காட்டினார். இம்முறை தடை கூற எழுந்தவர் எவருமிலர். ஆயினும் ஒரு விபரீதம்! கட்டுரை பெட்டியில் உறங்கிய மாதங்களில் வாலர் அதே கண்டுபிடிப்பைத் தம்முடையதாக வெளியிட்டிருந்தார். முந்தியவர் யார் என்னும் வழக்கை அச்சங்கம் விசாரித்தது. மேத் திங்கள் சொற்பொழிவும், ஜூன் திங்கள் கட்டுரையின் அச்சுப் படியும் சாட்சியாக நின்றன. தீர்ப்பு போஸின் பக்கமே ஆயிற்று.

இத்துடன் துன்பம் தீர்ந்ததென்று நினையாதீர்கள். பின்னர் அனுப்பிய கட்டுரைகளையும் ராயல் சொசைட்டி நிறுத்தி வைத்தது. ஆகவே 1906, 1907, 1913 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட பெருநூல்களாகத் தம் ஆராய்ச்சிகளைத் தாமே வெளியிட்டார். வாயால் வாதிடுவதினும் செடியையே எழுத வைப்பது நன்று என்று கண்டு, கருவிகளை மேன்மேலும் நுட்பமாக்கினார். தொட்டாற்சுருங்கியின் காம்பில் ஒரு மெல்லிய நெம்புகோலைக் கட்டி, புகை படிந்த கண்ணாடியில் அது கோடு கிழிக்கச் செய்தார். உராய்வு அதன் அசைவைத் தடுக்குமாதலின், கோல் இடைவிடாது தொடாமல், அதிர்ந்து அதிர்ந்து புள்ளி வைக்கும்படி அமைத்தார். அப்புள்ளிகளால் வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கையும் கணக்கிட முடிந்தது. தந்தி இலாகாவில் பணிபுரிந்த முதியோருக்கு இக்கருவி எளிதில் விளங்கும்.

1914-இல் அவர் மேற்கொண்ட பயணம் கேட்டற்கு இனியது. கண்ணாடிப் பெட்டிக்குள் தொட்டாற்சுருங்கியையும் தொழுகண்ணியையும் வைத்துக் கல்கத்தாவிலிருந்து கப்பலில் எடுத்துச் சென்றார். தொழுகண்ணி நம் சித்த வைத்தியர்கள் நன்கறிந்த மூலிகை. அதன் சிற்றிலைகள் காற்றின்றியே எழுந்தும் தாழ்ந்தும் அசைந்துகொண்டிருக்கும். அவ்வசைவை இதயத் துடிப்போடு ஒப்பிட்டு அவர் ஆராய்ந்து வந்தார். குளிர் தாங்காத அச்செடிகளைக் குழந்தைகளைப் போல் வெம்மையில் வைத்துக் காத்து, ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வியன்னா சர்வகலாசாலையிலும் அறிஞர்முன் நிறுத்தினார். லண்டன் ஆய்வறைக்கு வந்த பெர்னார்ட் ஷா, வெந்நீரில் வெந்து மடியும் முட்டைக்கோசின் துடிப்பைக் கண்டு கலங்கினாராம். அவர் மரக்கறி உணவினர்! நம் காலனியில் சைவ உணவினர் பலர். அவர்கள் இப்பத்தியை மறந்துவிடலாம். அக்கோடையில் உலகப் போர் மூண்டது. போஸ் அமெரிக்காவுக்குச் சென்று அங்குள்ள சர்வகலாசாலைகளிலும் பரிசோதனைகளை நிகழ்த்தி 1915-இல் திரும்பினார்.

திரும்பியவர் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்று, தம் வாழ்நாள் சேமிப்போடு நாட்டார் அளித்த நன்கொடையும் சேர்த்து, 1917 நவம்பர் 30-இல், தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளன்று, போஸ் ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவினார். அப்பர் சர்க்குலர் ரோடு என்று வழங்கி, இன்று ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயின் பெயர் தாங்கிய சாலையில் அக்கட்டிடம் நிற்கிறது. நம்மில் பலர் பஸ்ஸில் அதனைக் கடந்து சென்றும் உள்ளே இருப்பதை அறியோம். ஆயிரத்தைந்நூறு பேர் அமரத்தக்க சொற்பொழிவு மண்டபம் அதன் உயிர். பிறர் கண்டதைத் திருப்பிச் சொல்லும் இடமாக அது இருத்தலாகாது. அக்கழகத்திலேயே கண்ட புதிய உண்மைகள் முதன்முதலாக அங்கே அறிவிக்கப்படல் வேண்டும். அறிவித்தவை உலகனைத்துக்கும் பொது, எதற்கும் பேடண்டு கொள்வதில்லை என்பன அவர் வகுத்த விதிகள். கல்லூரிக்குள் கால்வைக்காத மக்களும் வந்து கேட்கலாம் என்பதும் அவர் கருத்து. லண்டனில் ஒரு சபை மூடிய கதவுக்கு அவர் கல்கத்தாவில் அளித்த விடை இது என்று நான் கருதுவதுண்டு. கழகத்தின் சின்னம் வச்சிரம். வாயிலருகே விளக்கேந்திய மங்கையின் உருவம் ஒன்று உண்டு. 1911-இல் டார்ஜிலிங்கில் உயிர் துறந்த நிவேதிதையின் நினைவு அது.

அக்காலத்தில்தான் செடியின் வளர்ச்சியைக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவி உருவாயிற்று. நத்தையின் நடையும் செடியின் வளர்ச்சிக்கு முன் மின்னல் வேகம். இரண்டு நெம்புகோல்களை இணைத்து அவ்வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெருக்கினார். பின்னர்க் காந்த ஊசியையும் கண்ணாடியையும் ஒளிப்புள்ளியையும் கொண்டு ஒரு கோடி மடங்குவரை பெருக்கினார். உரம் இட்டால் வளர்ச்சி விரைவதும் விஷம் இட்டால் தளர்வதும் சுவரில் ஓடும் ஒளியாகத் தெரிந்தன.

1920-இல் இக்கருவியோடு லண்டன் சென்றபோது, பழைய எதிரி வாலர் டைம்ஸ் பத்திரிகையில் அறைகூவல் விடுத்தார்: கருவி காட்டுவது வளர்ச்சிதானா? உடற்கூற்றியல் ஆய்வறை ஒன்றில் வல்லுநர்முன் நிரூபிக்கட்டும். போஸ் தயங்கவில்லை. ஏப்ரல் 23-ஆம் நாள் லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியின் ஆய்வறையில் கருவியை நிறுத்தினார். சுற்றி நின்றோர் ராலே பிரபு, பேலிஸ், பிளாக்மன், கிளார்க், கிளிண்டன், டானன் முதலிய பேராசிரியர்கள். இந்த ராலே பிரபு, போஸுக்குக் கேம்பிரிட்ஜில் பாடம் சொன்ன ராலேயின் மகன். ஆசிரியர் முந்திய ஆண்டே மறைந்திருந்தார். கருவி காட்டுவது செடியின் வளர்ச்சியே, பெருக்கமும் கூறியவாறே உள்ளது என்று அவர்கள் கையொப்பமிட்டு டைம்ஸில் வெளியிட்டனர். அம்மாதத்தை அடுத்த மே மாதத்தில், பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கட்டுரையைப் பூட்டி வைத்த அதே ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவருக்கு இரண்டாண்டு முன்னர் அப்பெருமை பெற்றவர் நம் கும்பகோணத்து ராமானுஜன் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை.

பெரியாரின் புகழை மட்டும் பாடி முடிப்பது விழா மலர்களின் வழக்கம். நான் படித்தறிந்த மற்றொன்றையும் கூறிவிடுகிறேன். பிற்காலத்தில் அவர் கூறியவை அனைத்தும் நிலைபெறவில்லை. மரத்தின் வேரிலிருந்து உச்சிக்கு நீர் ஏறுவது, உள்ளே இருக்கும் உயிரணுக்கள் இதயம்போல் துடித்து நீரை மேலே தள்ளுவதால் என்று 1923-இல் நூல் எழுதினார். இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அறாத நூல்போன்ற நீர்த்தொடர் மேலே இழுக்கப்படுகிறது என்பதே பின்னர் அறிஞர் ஏற்ற முடிபு. வெளிநாட்டார் எழுப்பிய ஐயங்களைப் பழைய பகையின் தொடர்ச்சியாகவே அவர் எண்ணியிருக்கவும் கூடும். என் சிற்றறிவுக்குத் தோன்றுவது இது: தம் மண்டபத்தில், தம் மாணவர் நடுவில், ஆசாரியரை எதிர்த்து எழுந்து கேட்போர் குறைந்துவிட்டனர். சாண்டர்சன் செய்த கொடுமை கேள்வி கேட்டது அன்று. கண்முன் செய்து காட்டியும் பாராமல் கதவை அடைத்தது. 1920-இல் வாலர் கேட்ட கடுங்கேள்வியோ, பகையாற் கேட்டதே ஆயினும், போஸுக்கு வெற்றியைத் தேடித் தந்தது. இதனை என் மகளுக்குச் சொன்னபோது அவள் ஒன்றும் கூறாமல், அன்று கேட்கப்பட்ட மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

செடியின் மின் மாறுதலைப் பற்றி அவர் கூறிய அடிப்படை உண்மையோ இன்று ஐயத்துக்கு இடமற்றது. ஓர் இலை காயமுற்றால் அச்செய்தி ஏனைய இலைகளுக்கு மின் வடிவிலும் பரவுகிறது என்பதை 1992-இல் ஆங்கில நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். அவர்கள் கண்டது அபூர்வ மூலிகையில் அன்று, நம் குவார்ட்டர்ஸ் கொல்லையில் வளரும் தக்காளிச் செடியில்! சாதாரணச் செடி விடை கூறாது என்ற பழைய முடிபு அவ்வாறு மாய்ந்தது. உலோகத்துக்கும் உயிருக்கும் வேறுபாடில்லை என்னும்படி அவர் விரித்துரைத்தவற்றை இன்று அவ்வண்ணமே கொள்வாரிலர்.

இவ்வளவு கடும் உழைப்பினிடையே அவர் வங்க மொழியில் இனிய கட்டுரைகளும் எழுதினார். 1896-இல் கூந்தல் எண்ணெய் வணிகர் ஒருவர் நடத்திய கதைப் போட்டிக்கு, ஒரு குப்பி எண்ணெயைக் கடலில் ஊற்றிப் புயலையே அடக்கிய கதையொன்றை எழுதிப் பரிசும் பெற்றார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை.

1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருக்கையில், கிரிடியில் அவர் உயிர் நீத்தார். மதுபூரில் பிரியும் கிளைப்பாதையில் உள்ள ஊர் அது. அக்காலத்துக் கல்கத்தாவாசிகள் உடல்நலம் பெறச் செல்லும் இடம். கழகத்தின் தலைமையை அவருடைய மருமகன் முறையினரான தேவேந்திர மோகன் போஸ் ஏற்றார். பெண் கல்விக்காக 1919-இல் ஒரு சங்கம் நிறுவி, விதவையர்க்குத் தொழிலும் ஆசிரியப் பயிற்சியும் கிடைக்க வழி செய்துவந்த அபலா அம்மையார், கணவருக்குப் பின் பதினான்கு ஆண்டுகள் அப்பணியிலேயே வாழ்ந்து, 1951-இல் காலமானார்.